மெசியர் 4 கொத்தின் முதிய விண்மீன்கள்

மெசியர் 4 என்பது விருச்சிகத்தில் கேட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 1.3 பாகை தள்ளி இருக்கும் கோள விண்மீன் கொத்து. தொலைவு சுமார் 6,000 ஒளியாண்டுகள். கோளக் கொத்துகளில் இதுவே நமக்கு மிக அண்மை என்று சொல்லுமளவுக்கு அருகில் இருக்கிறது. இருண்ட வானில் இருவிழிநோக்கிக்கு மங்கிய திட்டாகப் புலப்படும். சார்லஸ் மெசியர் 1764இல் இதைத் தம் பட்டியலில் சேர்த்தார்.

இங்குள்ள விண்மீன்கள் 1,200 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. வயது ஒன்று என்பதால், நிறை கூடியதே எரிபொருளை முதலில் தீர்த்து முதலில் மூப்படைகிறது. சூரிய நிறையில் 0.8 பங்கு உள்ளவை இன்று மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்து முதன்மை வரிசையிலிருந்து விலகிக்கொண்டிருக்கின்றன. செம்பெருமீன்களாகிவிட்டவை பிறக்கும்போது இவற்றைவிட அற்ப அளவே கூடுதல் நிறை கொண்டிருந்தன. ஆகவே கொத்தின் முதிய விண்மீன்களை ஒரே விண்மீனின் வெவ்வேறு பருவங்களாகப் படிக்கலாம்.

செம்பெருமீனின் ஹீலியம் உள்ளகம் சூரிய நிறையில் பாதியை நெருங்கும்போது வெப்பநிலை 10 கோடி கெல்வினைத் தொட்டு ஹீலியம் எரியத் தொடங்குகிறது. அவ்வளவு நெருக்கமாக அமுங்கிய பொருளில் வெப்பம் ஏறினாலும் அழுத்தம் ஏறுவதில்லை. விரிந்து தணிய வழியின்றி எரிதல் கட்டுமீறுகிறது. இதுவே ஹீலியம் ஃபிளாஷ். அதன் ஆற்றல் முழுவதும் உள்ளகத்தைத் தளர்த்துவதிலேயே செலவாவதால் வெளியிலிருந்து எந்த வெடிப்பும் தெரியாது.

அடுத்து வரும், உள்ளகத்தில் ஹீலியம் சீராக எரியும் கிடைக்கிளைப் பருவம் சுமார் 10 கோடி ஆண்டுகள் நீடிக்கிறது. மெசியர் 4இல் இக்கிளை சிவப்பு, நீலம் என இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு நாளுக்கும் குறைந்த காலத்தில் துடிக்கும் ஆர்ஆர் லைரே விண்மீன்களைக் கொண்டிருக்கிறது. நிறமாலை ஆய்வில் சிவப்புப் பக்கத்தவை சோடியம் குறைந்தவை, நீலப் பக்கத்தவை சோடியம் மிகுந்தவை எனத் தெரிந்தது. கொத்தின் எல்லா விண்மீன்களும் ஒரே கலவையில் உருவானவை என்ற பாடநூல் கூற்றை இனி அப்படியே ஏற்க இயலாது.

மூப்பின் பெரும் செலவு நிறையிழப்புதான். 0.8 பங்கில் தொடங்கிய விண்மீன் வெண்குறுமீனாக முடியும்போது எஞ்சுவது சுமார் 0.53 பங்கே. மூன்றில் ஒரு பங்கு செம்பெருமீன் பருவத்திலும் அதற்குப் பிந்தைய ஒளிமிகு கட்டத்திலும் காற்றாக வீசிக் கழிகிறது. எப்பருவத்தில் எவ்வளவு கழிகிறது என்பது நெடுங்காலமாக ஊகமாகவே இருந்தது. 2014இல் கெப்ளர் விண்தொலைநோக்கி இக்கொத்தை நோக்கியபோது பெருமீன்களின் அதிர்வுகள் பதிவாகி, அவற்றின் நிறையை நேரடியாக மதிப்பிட முடிந்தது.

இவ்வளவு வளிமம் வெளியேறியும் கோளக் கொத்துகளில் கோள் நெபுலாக்கள் மிக அரிது. பால்வழி முழுவதிலும் நான்குதான் உறுதியாகத் தெரியும். சிறுநிறை விண்மீனின் மிச்சம் மெதுவாகவே சூடேறுகிறது. வளிமத்தை ஒளிரச் செய்யும் வெப்பம் வருவதற்குள் அது கலைந்துவிடுகிறது.

வெண்குறுமீன் எரிவதில்லை, குளிர்கிறது. அக்குளிர்வின் வேகம் கணக்கிடத்தக்கது. 2001இல் ஹபிள் தொலைநோக்கி மொத்தம் எட்டு நாள் அளவுக்கு ஒளி திரட்டி, இக்கொத்தின் மிக மங்கிய வெண்குறுமீன்களைப் பிடித்தது. அவற்றிலிருந்து கொத்தின் வயது ஏறத்தாழ 1,270 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. முதன்மை வரிசையைச் சாராத கணக்கு என்பதால் இதற்குத் தனி மதிப்புண்டு.