அரைநாள் பள்ளி

“பெரியவனானதும் என்ன ஆவாய்?” என்று வகுப்பிலே நாம் கேட்பதுண்டு. பொறியாளர் என்பான் ஒருவன். மருத்துவர் என்பாள் ஒருத்தி. வள்ளூர் வட்டாரத்துப் பிள்ளைகள் அவர்கள்; மீனவர் வீட்டினர், உழவர் வீட்டினர், கூலித் தொழிலாளர் வீட்டினர். “உன் தந்தை செய்யும் தொழில் எதுவோ, அதுவே உனக்கும்” என்று அவர்களிடம் சொல்ல நமக்கு உரிமை உண்டா? இல்லை. ஆனால், அந்த உரிமை தனக்குண்டு என்று ஓர் அரசே எண்ணிய காலம் இருந்தது, தோழர்களே!

ஆண்டு 1953. சென்னை மாநில முதலமைச்சர் ஆச்சாரியார். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும்! நகரங்களுக்கு இத்திட்டம் இல்லை. இராயபுரத்துச் சிறுவனுக்கு முழுநாள் பள்ளி. பொன்னேரி வட்டத்துச் சிற்றூராயிருந்த வள்ளூரின் சிறுவனுக்கு அரைநாள் பள்ளி! இருவருக்கும் இடையே சில கல் தொலைவுதான். வழக்கறிஞர் மகன் வீட்டில் சட்டப் புத்தகத்தைக் காண்பான். வண்ணார் மகன் வெள்ளாவியைக் காண்பான். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டது பிழையா?

பிள்ளைகளில் பெரும்பகுதியினர் பள்ளிக்கு வெளியே நிற்கின்றனர், பணமோ இல்லை, இரண்டு வேளையாகப் பிரித்தால் அதே ஆசிரியர், அதே கட்டடத்தில் இருமடங்கு பேருக்குக் கற்பிக்கலாம் என்றது ஆட்சி. கைத்தொழில் இழிவா என்றும் கேட்டனர் சிலர். இழிவன்று! காந்தியாரின் ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் உண்டு. அதைப் பள்ளியிலே ஆசிரியர் கற்பித்தார். இங்கோ பள்ளியின் கதவைச் சாத்திவிட்டுக் குலத்தின் வாசலைக் காட்டினர். வேறுபாடு அதுதான்.

நாடு பொறுத்திருக்கவில்லை. பெரியார் போர்க்கொடி உயர்த்தினார். தி.மு.கழகம் 1953 ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்தை எதிர்த்தே அமைந்தது. திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்குச் சட்டமன்றத்தில் ஆதரவு 138, எதிர்ப்பு 138. அவைத்தலைவரின் வாக்கால் அது தோற்றது. ஆயினும் திட்டம் பருலேகர் தலைமையிலான குழுவின் ஆய்வுக்குச் சென்றது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், அவ்வாண்டு மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

கருவூலம் அன்றும் நிரம்பி வழியவில்லை. ஆயினும் காமராசர் படிப்பைக் குறைக்கவில்லை, பள்ளிகளைப் பெருக்கினார், 1956இல் மதிய உணவை விரிவாக்கினார். அதற்கு முன்னோடி, 1920இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் அளித்த உணவு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அவ்வழியில் வந்ததே. பசியைப் போக்கிப் பள்ளிக்கு அழைப்பது ஒரு வழி. பள்ளியைக் குறைத்து வேலைக்கு அனுப்புவது மறுவழி.

மறுவழி மறைந்துவிட்டதா? 2023இல் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 கைத்தொழில்கள், வயது 18 ஆனால் போதும், குரு–சிஷ்ய மரபையும் குடும்பவழித் தொழிலையும் வளர்ப்பது நோக்கம்! கல்லூரி வாசலில் கால் வைக்கும் வயதன்றோ பதினெட்டு? குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற விதியை நீக்குங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு கேட்டது, ஏற்கப்படவில்லை. எனவே 2025இல் குலம் கேளாத கைவினைத் திட்டத்தைத் தமிழ்நாடே தொடங்கியது. ஆறாம் வகுப்பிலேயே தொழிற்கல்வி என்கிறது 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை. அதையும் ஒரே உரைகல்லில் உரைப்போம்: எல்லாப் பிள்ளைக்கும் எல்லாத் தொழிலும் திறந்திருக்கின்றனவா? படிப்பு குறையாமல் இருக்கிறதா?

இன்று வள்ளூரில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்வளம் குன்றிவிட்டது. தந்தையின் வலையில் மீனில்லை. வலை மட்டுமே கற்ற மகன் அந்த நிலையத்தின் வாயிலில் கூலிக்கு நிற்பான். முழுநாள் படித்த மகளோ பொறியாளராக உள்ளே நுழைவாள்.

அந்த முழுநாளை எவர் கேட்டாலும் கொடோம்!