திரைக்கு முன்னால் இருந்தவர்கள் கேட்ட கேள்வி

மின்காந்தப் புலம் தன்ர உடம்புக்கு ஒத்துவரேல்ல எண்டு சொல்லுற ஒருவர் கொம்பியூட்டர் வாங்கப் போனால் எதைப் பார்த்து வாங்குவது? இணையத்தில் தேடினால் இரண்டு கூட்டத்தைச் சந்திக்கலாம். ஒரு கூட்டம் போனில் ஒட்டுற வில்லையும், மேசையில் வைக்கிற கறுப்புக் கல்லும் விற்கும். மற்றக் கூட்டம் ‘எல்லாம் மனப்பிரமை’ எண்டு சிரிச்சிட்டுப் போகும். இரண்டு கூட்டமும் கதைக்காத விசயம் ஒன்று உண்டு: இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதை முதலில் கேட்டவர்கள் பத்திரிகை அலுவலகங்களிலும் தொலைபேசி நிலையங்களிலும் நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் இருந்து வேலை செய்தவர்கள். அவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

1970களில் வட அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் தட்டச்சுப் பொறிகள் போய்த் திரைகள் வந்தன. அந்தத் திரை, எங்கட வீடுகளில் முன்பு இருந்த பெட்டி டிவி மாதிரியான கதோட்டுக் கதிர்க் குழாய். பின்பக்கத்திலிருந்து இலத்திரன்களைத் திரையை நோக்கி எறிய ஆயிரக்கணக்கான வோல்ற் அழுத்தம் வேண்டும். நிறத்திரை என்றால் 20,000 வோல்ற்றுக்கும் மேல். அந்தக் கற்றையை இடமிருந்து வலமாக இழுத்து விடுவதற்குக் குழாயின் கழுத்தில் செப்புச் சுருள்கள். செக்கனுக்கு 15,000 தடவைக்கும் மேல் அந்தச் சுருளில் மின்னோட்டம் ஏறி இறங்கும். ஆகவே திரையைச் சுற்றி மின்புலமும் காந்தப்புலமும் இருந்தது உண்மை. பெட்டி டிவியை நிற்பாட்டின கையோட திரைக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால் மயிர் எழும்பி நிற்குமே, அதே நிலைமின்தான் அலுவலகத் திரைகளிலும்.

1970களின் பிற்பகுதியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் பிரதி திருத்தும் வேலை செய்த இரண்டு இளம் ஊழியர்களுக்குக் கண்புரை தொடங்கியிருப்பது தெரியவந்தது. பத்திரிகையாளர் தொழிற்சங்கம் திரைகளைக் கேள்வி கேட்டது. 1980இல் கனடாவில் இன்னொரு செய்தி: ரொறொன்ரோ ஸ்டார் பத்திரிகையின் சிறுவிளம்பரப் பிரிவில் கர்ப்பமாயிருந்த ஏழு பெண்களில் நான்கு பேருக்குக் குறைபாடுகளோடு பிள்ளைகள் பிறந்தன. நான்கு பேரும் திரையில் வேலை செய்தவர்கள். ஏழு பேர் என்பது எதையும் நிரூபிக்கப் போதாத எண்ணிக்கை. ஆனால் அடுத்த கதிரையில் கர்ப்பமாய் இருக்கிற பிள்ளைக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலுமா?

ஆய்வுகள் தொடங்கின. கலிபோர்னியாவில் 1,583 கர்ப்பிணிப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 1988இல் வெளியானது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் திரையில் வேலை செய்தவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்தது. செய்தித்தாள்கள் அந்த வரியைத் தூக்கிக்கொண்டு ஓடின. ஆனால் அதே ஆய்வுக்குள் இன்னொரு விசயமும் இருந்தது. ஆபத்துக் கூடியதாகத் தெரிந்தது எழுதுவினைஞர் வேலை செய்த பெண்களிடம். முகாமைத்துவ, தொழில்வாண்மை வேலைகளில் திரை பாவித்த பெண்களிடம் அப்படித் தெரியவில்லை. இரண்டு தரப்பும் பாவித்தது திரைதான், வேலைதான் வேறு. ஒருத்தி தான் நினைத்த நேரம் எழும்பித் தேத்தண்ணி குடிக்கலாம்; மற்றவளுடைய விசை அழுத்தங்களையே இயந்திரம் எண்ணிக்கொண்டிருக்கும். வேலை அழுத்தமும் காரணமாயிருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள்.

1991இல் அமெரிக்க அரசின் தொழிற்சுகாதார நிறுவனம் இன்னும் கவனமாக ஒரு ஒப்பீட்டைச் செய்தது. இரண்டு கூட்டமும் தொலைபேசி இயக்குநர் பெண்கள். இரண்டு கூட்டத்தின் வேலையும் ஏறக்குறைய ஒன்று. ஒரு கூட்டத்துக்குக் கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரை, மற்றக் கூட்டத்துக்கு அந்தக் குழாய் இல்லாத வேறுவகைக் காட்சிக் கருவி. 700க்கும் மேற்பட்ட பெண்கள். கருச்சிதைவு வீதத்தில் வித்தியாசம் இல்லை. திரையின் புலம் கருவைக் கலைக்கிறது என்ற பயம் அதோடு பெரும்பாலும் அடங்கியது.

சுவீடனில் கதை வேறு வழியில் போனது. அங்கே முறைப்பாடு தோலில் தொடங்கியது. 1980களில் திரைக்கு முன்னால் இருந்தவர்களுக்கு முகம் சிவந்தது, எரிந்தது, கடித்தது. நோர்வேயிலும் இப்படியான முறைப்பாடுகள் வந்தன. பிறகு தலையிடி, களைப்பு, தலைச்சுற்று. சிலருக்குத் திரையைத் தாண்டி, ரியூப் லைட்டுக்குக் கீழேயும் இருக்க முடியாமல் போனது. 1980களின் பிற்பகுதியில் அவர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். அதன் பெயரைத் தமிழில் ‘மின்சாரத்தாலும் திரையாலும் பாதிக்கப்பட்டோர் சங்கம்’ எனலாம்.

இந்த இடத்தில் சுவீடிஷ் தொழிற்சங்கங்கள் செய்த காரியம்தான் எங்களுக்கு முக்கியம். ‘முதலில் நிரூபியுங்கள், பிறகு பார்ப்பம்’ என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ‘புலம்தான் காரணம்’ என்று சத்தியம் செய்யவும் இல்லை. இப்போது இருக்கிற தொழில்நுட்பத்தை வைத்து இந்தப் புலத்தை எவ்வளவு குறைக்க ஏலும், அதைக் குறைச்சுத் தாங்கோ எண்டு கேட்டார்கள். அரசின் அளவீட்டுச் சபை 1987இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டது. 1990இல் அதைத் திருத்தி எம்பிஆர்-2 என்று கொண்டுவந்தது: திரையிலிருந்து 50 சென்ரிமீற்றர் தூரத்தில் தாழ் அதிர்வெண் காந்தப்புலம் 250 நனோ டெஸ்லாவுக்கு மேற்படக் கூடாது, உயர்ந்த அதிர்வெண் பட்டையில் 25 நனோ டெஸ்லா.

அந்த 250 எங்கிருந்து வந்தது? நோயிலிருந்து கணக்கிட்ட எண் இல்லை அது. 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்துக்குப் பொதுமக்களுக்கான இன்றைய சர்வதேச வழிகாட்டல் அளவு 200 மைக்ரோ டெஸ்லா. அதாவது 800 மடங்கு கூட. நல்ல மொனிட்டர் ஒன்றை எவ்வளவு அமைதியாகச் செய்யலாம் என்பதுதான் 250இன் அடிப்படை. சுவீடனின் அலுவலக ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ‘ரிசிஓ’, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. அது 1992இல் தன் சொந்தத் தரமுத்திரையைக் கொண்டுவந்து அளவுகளை இன்னும் இறுக்கியது: திரைக்கு முன்னால் 30 சென்ரிமீற்றரிலேயே 200 நனோ டெஸ்லா. பாவிக்காத நேரம் மொனிட்டர் தானாக மின்சாரத்தைக் குறைக்க வேணும் என்றும் சேர்த்தது. 1995, 1999 பதிப்புகளில் நச்சுப் பொருட்கள், படத்தின் தெளிவு, திரையின் சிமிட்டல் எல்லாம் உள்ளே வந்தன.

வாங்குபவர்கள் முத்திரையைக் கேட்டார்கள், கம்பனிகள் செய்துகொடுத்தன. எதிர்த்திசையில் புலம் உண்டாக்கும் சுருள்களைப் பூட்டினார்கள், கண்ணாடியில் மின்கடத்தும் பூச்சுப் பூசிப் புவியோடு தொடுத்தார்கள். சுவீடனுக்கு ஒரு மொனிட்டர், உலகத்துக்கு இன்னொரு மொனிட்டர் என்று செய்வது கட்டுப்படியாகாது. அதனால்தான் 2000களில் எங்கட பாடசாலைக் கணினி அறைகளில் இருந்த பெட்டி மொனிட்டர்களின் மூலையிலும் ‘ரிசிஓ 99’ என்ற ஸ்டிக்கரைக் காணக்கூடியதாய் இருந்தது. அது ஒரு தொழிற்சங்கத்தின் பெயர் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சரி, அந்த ஊழியர்களின் வருத்தத்துக்குப் புலம்தானா காரணம்? இதைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. புலம் இருக்கிறதா இல்லையா என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, சோதிப்பவருக்கும் தெரியக்கூடாது. 2005இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று இப்படியான 31 பரிசோதனைகளை, 725 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தது. தங்களுக்கு உணர்திறன் இருக்கு என்று சொன்னவர்களாலும் புலம் இருக்கிற நேரத்தைப் பிரித்தறிய முடியும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. புலம் இல்லாத நேரத்திலும், இருப்பதாக நினைத்தபோது வருத்தம் வந்தது. அதே 2005இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதை இரண்டு பாதியாகவும் வாசிக்க வேண்டும்: அறிகுறிகள் உண்மையானவை, சிலரை முடக்கிப்போடும் அளவுக்கு, அவற்றை மின்காந்தப் புலத்தோடு இணைக்க அறிவியல் அடிப்படை இல்லை. முதல் பாதியை மறந்தால் அது கேலியாக முடியும். இரண்டாம் பாதியை மறந்தால் கல் விற்பவன் கதவைத் தட்டுவான்.

அப்ப எது காரணம்? ஒரே பதில் இல்லை. சுவீடனின் குளிர்கால அலுவலகக் காற்று மிக வறண்டது. நிலைமின் தூசியை இழுக்கும். 1997இல் வெளியான ஒரு சுவீடிஷ் ஆய்வு, மின் உணர்திறன் இருப்பதாகச் சொன்ன நோயாளிகளுக்குச் சிமிட்டும் ஒளியைக் காட்டிப் பார்த்தது. மற்றவர்களைவிட அவர்களின் நரம்புத் தொகுதி அந்தச் சிமிட்டலுக்குக் கூடுதலாகப் பதிலளித்தது. அவர்கள் ஒதுக்கிய திரையும் ரியூப் லைட்டும் இரண்டுமே சிமிட்டுபவைதானே! உடம்பு சொன்ன முறைப்பாடு சரியாக இருந்து, அதற்குக் கொடுத்த விளக்கம் மட்டும் பிழைத்திருக்கலாம்.

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒருவர் சாமான் வாங்கப் போனால் என்ன செய்யலாம்?

முதலில், சண்டைக்குக் காரணமான குழாயே இப்போது இல்லை. தட்டைத் திரையில் அந்த உயர் அழுத்தமும் இல்லை, அந்தச் சுருளும் இல்லை. மிஞ்சிய காந்தப்புலத்துக்குத் தூரம் ஒன்றே போதும். அது தூரத்தோடு வேகமாகக் குறையும். லப்டொப்பை மடியில் வைக்காமல் மேசையில் வைத்து, தனி விசைப்பலகை பூட்டி, சார்ஜரைக் கால்மாட்டிலிருந்து தள்ளி வைத்தால் சரி. இதற்குப் பெரிய காசு தேவையில்லை.

இரண்டாவது, உலோக உடலுள்ள லப்டொப்பைத் தொடும்போது ‘சுர்’ எண்டு இருக்கிறதைச் சிலர் கதிர்வீச்சு என்று பயப்படுகிறார்கள். இரண்டு முள் சார்ஜரின் உள்ளே இருக்கிற வடிகட்டி வழியாக வரும் மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் அது. புவித்தொடுப்புள்ள மூன்று முள் சார்ஜரைப் பாவித்தால் போய்விடும். ஆனால் வீட்டின் பிளக்கில் ஏர்த் உண்மையிலேயே வேலை செய்ய வேண்டும். மின்வினைஞரைக் கூப்பிட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எல்லா அலைகளையும்விட ஏர்த் இல்லாத 230 வோல்ற்தான் எங்கட வீடுகளில் ஆளைக் கொல்லக்கூடியது.

மூன்றாவது, திரையின் சிமிட்டல். இன்றைய திரைகளில் சில, வெளிச்சத்தைக் குறைக்கும்போது விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றும். கடையில் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துப் போன் கமராவால் பாருங்கள். பட்டைகள் ஓடினால், சிமிட்டலுக்குத் தலையிடிக்கிற ஆள் வேறொன்றைப் பார்ப்பது நல்லது.

நான்காவது, வைஃபை மனதை உறுத்தினால் கேபிள் பூட்டக்கூடிய துளையுள்ள லப்டொப்பை எடுத்து, வைஃபையை நிற்பாட்டுங்கள். மனம் அமைதியாய் இருப்பதும் சுகத்தில் ஒரு பங்குதான். ஆனால் ‘கதிர்வீச்சைத் தடுக்கும்’ உறைக்கும் வில்லைக்கும் காசு கொடுக்காதீர்கள். அன்ரனாவை மறைக்கும் உறையைப் போட்டால், கோபுரத்தோடு கதைக்கிறதுக்காகப் போன் இன்னும் உரத்துக் கத்தும்.

எல்லாத்துக்கும் மேலே, தலையிடியும் படபடப்பும் தோல் எரிவும் தொடர்ந்தால் வைத்தியரைக் காணுங்கள். குருதிச்சோகை, தைரொயிட், நித்திரைக் குறைவு என்று மருந்துள்ள காரணங்கள் கனக்க உண்டு. ‘வைஃபைதான்’ என்று முடிவெடுத்துவிட்டால் அவற்றைத் தேட மறந்துவிடுவோம்.

தனியாளாகக் கடைக்குப் போகிறவருக்கு இவ்வளவும் சரி. கொழும்பில் ஒரு கோல் சென்டரில் இரவு வேலை செய்யும் எங்கட வயதுப் பிள்ளைக்கு எந்தத் திரை, எந்தக் கதிரை, எத்தனை நிமிட இடைவேளை என்பதை அவள் தேர்வதில்லை. சுவீடிஷ் எழுதுவினைஞர்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான். அவர்களின் விளக்கத்தை அறிவியல் ஏற்கவில்லை. சிமிட்டல் குறைந்த, மின்சாரம் குறைவாய்க் குடிக்கிற, கண்ணுக்கு இதமான திரை உலகத்துக்கே கிடைத்தது. சேர்ந்து கேட்டபடியால் கிடைத்தது.

ஆகவே திரைக்கு முன்னால் இருந்தால் ஏலாமல் வருது எண்டு யாராவது உங்களிடம் சொன்னால், புலம் இருக்கா இல்லையா எண்ட வாதத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள். எத்தனை மணித்தியாலம் இருக்கிறீர்கள், வெளிச்சம் எப்படி, கடைசியாக எப்போது எழும்பி நடந்தீர்கள், எழும்ப விடுவினமா? முதலில் இதைக் கேளுங்கள்.