சிறுமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரலாற்றுப் பாடம்



விடுமுறை வந்தால் போதும், சிறுமலைப் படங்கள் வந்து குவிகின்றன. கொண்டை ஊசி வளைவில் ஒன்று, அகஸ்தியர்புரம் ஏரிப் படகில் ஒன்று, வெள்ளிமலைக் கோயிலில் ஒன்று. கூடவே, "அரை நாளில் முடிந்துவிடும், பெரிதாக ஒன்றும் இல்லை" என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்புக்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மலையின் வயதான புகழைச் சொல்கிறேன். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு நடந்து போகிறார்கள். எதிரே வரும் மாங்காட்டு மறையவர் அவர்களுக்கு வழி சொல்கிறார். கொடும்பாளூர்க் குளக்கரையை அடைந்தால் பாதை சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறார். வலப்பக்கப் பாதையில் போனால், வறண்ட நிலத்தைத் தாண்டியதும் பாண்டியனின் சிறுமலை கண்ணில் படும். அந்த மலையை அடையாளம் வைத்து மதுரைக்குப் போகலாம். அங்கே என்னென்ன விளைகிறது என்றும் அவர் சொல்கிறார்: மலைநெல், கரும்பு, தினை, வரகு, மஞ்சள், வாழை, கமுகு, தென்னை, மா, பலா. வாழையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகையில் விழுந்த துண்டுதான் இது என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். மூலிகைகளுக்குப் பேர்போன மலை என்பதால் வந்த கதை அது.

அடுத்து தண்ணீர். மழை எல்லாம் ஒரே மலையில் பெய்தாலும், எந்தச் சரிவில் விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் ஊர் மாறிவிடும். வடக்கே நம் பக்கம் விழுந்தால் அது சந்தனவர்த்தினி ஆறாக ஓடிக் குடகனாற்றில் சேரும். குடகனாறு அமராவதியிலும், அமராவதி காவிரியிலும் கலக்கும். தெற்கே விழுந்தால் சாத்தையாறு. பாலமேட்டுக்கு அருகே அதற்கு ஓர் அணை இருக்கிறது. அந்த நீர்வழி மதுரை வண்டியூர் கண்மாய் வரை போகிறது. ஒரே மேகம் ஒரு தோளில் காவிரிக்கும் மறு தோளில் மதுரைக்கும் தண்ணீர் தருகிறது.

தெற்கு அடிவாரத்தில் இன்னொரு தண்ணீரும் ஓடுகிறது. அது சிறுமலைத் தண்ணீர் அல்ல. பென்னிகுவிக் கட்டி 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்கு வருகிறது. பேரணையில் அது பெரியாறு பிரதானக் கால்வாயாகப் பிரிந்து, வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வழியாக மேலூர் நோக்கிப் போகிறது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்தக் கால்வாய் மலையோரமாகவே போவது தெரியும். ஏன்? மலையடிவாரம் மேடு, ஆற்றங்கரை பள்ளம். இடைப்பட்ட நிலம் வைகையை நோக்கிச் சரிகிறது. மேட்டோரமாகக் கால்வாயை வெட்டினால், ஏற்றமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம், கீழே உள்ள வயல்களுக்குத் தண்ணீர் தானாகப் பாயும். அதுவரை மழையையும் கண்மாயையும் நம்பி இருந்த நிலம் நெல் வயலானது. மலையின் வடக்கே இருக்கும் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. திண்டுக்கல் நகரம் குடிதண்ணீருக்கு ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தை எதிர்பார்த்து வளர்ந்த ஊர். மலையை வடக்கிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதன் ஓடை ஒவ்வொன்றும் முக்கியம்.

இப்போது வாழைக்கு வருவோம். சிறுமலை வாழைப்பழம் அளவில் சிறியது. அதில் நீர்ப்பசை குறைவு. தோல் கறுத்து வற்றினாலும் உள்ளே கெடாது, இனிப்பு கூடும். இதே இனத்தைச் சேர்ந்த விருப்பாட்சிப் பழம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அந்த நீர்ப்பசைக் குறைவால்தான். மலையில் காப்பிச் செடிக்கு நிழலாகவும் வாழையை வளர்த்தார்கள். திண்டுக்கல்லில் சிறுமலை செட் என்று இன்றும் நாம் சொல்லும் இடத்தின் பெயரே இந்த வியாபாரத்தின் நினைவுச்சின்னம்.

அந்த வாழையை அழித்தது முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. இலைகள் விரியாமல் உச்சியில் கொத்தாக நின்றுவிடும், தார் வராது. நோய் கண்ட மரத்தின் கன்றை எடுத்து நட்டால் நோயும் கூடவே போகும். 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்த இந்த நோய், 1970களில் நம் மலைகளைப் பிடித்தது. கீழ்ப்பழனி மலையும் சிறுமலையும் சேர்த்து சுமார் 18,000 எக்டேரில் இருந்த மலைவாழை, சுமார் 2,000 எக்டேருக்குச் சுருங்கியது. பல தலைமுறைச் செல்வம் ஒரு தலைமுறைக்குள் கரைந்தது. மலைவாசிகள் எலுமிச்சை, மிளகு, காப்பி, சவ்சவ், பலா என்று மாறிக்கொண்டார்கள். வேளாண் விஞ்ஞானிகள் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கிக் கொடுத்தார்கள். 2008இல் சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பழைய பரப்பு திரும்பவில்லை.

இந்த வியாபாரத்தைச் சுமந்தவை குதிரைகள். இன்றும் வண்டி போகாத தோட்டங்களில் மூட்டை சுமப்பவை அவைதான். சமவெளியில் மாட்டுக்குப் பொங்கல் வைப்பது போல, அங்கே குதிரைகளைக் குளிப்பாட்டி, அலங்கரித்துப் பொங்கல் வைக்கிறார்கள். உழைத்த உயிருக்கு நன்றி சொல்லும் வழக்கம் மலை ஏறியபோது மாட்டை விட்டுக் குதிரையைப் பிடித்துக்கொண்டது.

தார்ச் சாலை வந்தது. 18 கொண்டை ஊசி வளைவுகள். அதன் வழியே பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போவது எளிதானது. அது நல்லதுதான். அதே வழியில் நாமும் போனோம். அகஸ்தியர்புரத்தில் செயற்கை ஏரி, படகு, வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, தனியார் விடுதிகள் என்று மலை சுற்றுலாத் தலமானது. நம் கையில் இருக்கும் பாட்டில்களும் பைகளும் ஓடைகளுக்குப் போயின. ஓடையில் விழுவது மலையோடு நிற்காது. குடகனாறு வரை வரும், சாத்தையாறு வரை போகும்.

அழகு எவ்வளவு சீக்கிரம் கைவிட்டுப் போகும் என்பதற்குத் தெற்குச் சரிவிலேயே உதாரணம் உண்டு. வாடிப்பட்டி அருகே உள்ள குட்லாடம்பட்டி அருவிக்குக் குடும்பம் குடும்பமாகப் போவோம். 2018 நவம்பரில் கஜா புயல் மழையில் பாதையும் படிகளும் சேதமாகி, மக்கள் குளிக்கத் தடை வந்தது. புயல் உடைத்தது ஒரே நாளில். சரிசெய்ய ஆண்டுகள் ஆகின்றன.

அதனால் அடுத்த முறை போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். பாட்டிலையும் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். ரோட்டோரம் விற்கும் மலைவாழையைப் பேரம் பேசாமல் ஒரு சீப்பு வாங்குங்கள். அந்தப் பழம் விலைபோனால்தான் அடுத்த கன்றை நடுவார்கள். ஓடை ஒன்றைப் பார்த்தால், இது எந்த ஆற்றுக்குப் போகிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

மலையில் தோட்டம் வைத்திருந்த குடும்பங்கள் நம் மாணவர்களிலும் உறவிலும் உண்டு. நோய் வருவதற்கு முன் வாழை எப்படி இருந்தது, குதிரையில் எந்த வழியாக இறக்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நலமுடன் இருங்கள்.