தன் இயந்திரமும் பிறர் இயந்திரமும்: மெய்நிகர் இயந்திரங்களில் அதிகாரப் பங்கீட்டின் வரலாறு

ஒரே கணனியைப் பலர் பங்கிட்டுக் கொள்ளுமிடத்து எவருக்கு எவ்வளவு அதிகாரம் வழங்குவது என்னும் வினா மெய்நிகர் இயந்திரங்களோடு தோன்றியதன்று. 1961இல் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டிய நாள்தொட்டு அவ்வினா இருந்து வந்துள்ளது. ஆயின் அதற்குப் புதுமையானதொரு விடை, அதே கேம்பிறிட்ஜ் நகரில் அமைந்திருந்த ஐ.பி.எம். கம்பனியின் விஞ்ஞான நிலையத்திலேயே உருவாயிற்று. றொபேட் கிறீசி முதலியோர் அங்கு ஆக்கிய சீ.பி.-40 என்னும் கட்டுப்பாட்டு நிரல், 1967 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு கணனியின் மீது பதினான்கு கணனிகள் வரை இருப்பதான தோற்றத்தை அது உண்டாக்கிற்று. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழு இயந்திரம். ஆனால் அது மெய்யான இயந்திரமன்று.

இதன் வழிவந்த வி.எம்./370, 1972 ஓகஸ்ட் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அதன் பயனர் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயர், கடவுச்சொல், நினைவக அளவு, வட்டுக்கள் ஆகியவற்றோடு அதிகார வகுப்பும் எழுதப்பட்டிருந்தது. முதன்மை இயக்குநர் ஏ வகுப்பினர். சாதாரண பயனர் ஜீ வகுப்பினர். ஜீ வகுப்பினர் தம் இயந்திரத்தில் விரும்பிய இயக்க முறைமையை ஏற்றலாம், நிறுத்தலாம், நினைவகத்தைத் திறந்து பார்த்து மாற்றவும் செய்யலாம். அயலவரின் இயந்திரத்தின் மீது அவருக்கு இவ்வதிகாரங்களுள் ஒன்றேனும் இல்லை. இதனைக் கட்டுப்பாடு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. புதிய இயக்க முறைமையொன்றைச் சோதிக்க விரும்பியவர், முன்னர் முழுக் கணனியையும் தமக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லை வகுக்கப்பட்டதனாலேயே அவருக்கு அத்துணை உரிமை கிடைத்தது எனலாம்.

எனினும் ஓர் இடைவெளி இருந்தது. ஏ முதலிய உயர் வகுப்புகள் தொழிலைக் கொண்டு வகுக்கப்பட்டவை; குறித்த ஓர் இயந்திரத்தைக் கொண்டு வகுக்கப்பட்டவையல்ல. ஏ வகுப்பினர் எவரையும் வெளியேற்றலாம். உடன் பணியாற்றும் ஒருவருக்கு, ஒரேயோர் இயந்திரத்தைத் தொடக்கும் உரிமையை மட்டும் கொடுப்பது எங்ஙனம்? கடவுச்சொல்லைச் சொல்லிவிடுவது எளிய வழி. அது எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதாகும். பிந்திய பதிப்புகளில், தம் இயந்திரத்தைத் தொடக்கக்கூடிய பிற பயனர் இன்னாரெனப் பதிவேட்டிலேயே குறிக்கும் வசதி சேர்ந்தது. வகுப்புகளும் 32 வரை விரிந்தன.

இக்காலத்திலேயே கோட்பாடும் வளர்ந்தது. ஒவ்வொரு பயனரும் தம் பணிக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்துடனேயே இயங்கவேண்டும் என்னும் நெறியைச் சால்ற்சரும் சுரோடரும் 1975இல் தெளிவுற எடுத்துரைத்தனர். மறு ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் ஐ.பி.எம். ஆய்வாளர் வி.எம்./370இன் அரணை உடைத்துப் பார்த்தனர். கண்டறியப்பட்ட குறைகளுள் ஏறக்குறைய எல்லாமே உள்ளீட்டு வெளியீட்டுச் செயல்களோடு தொடர்புற்றிருந்தன.

பின்னர் வரலாறு பின்னோக்கிச் சென்றது என்றே கூறவேண்டும். யூனிக்ஸ் மரபில் 'றூட்' என்னும் ஒரே பயனரிடம் அதிகாரம் அனைத்தும் குவிந்திருந்தது. 2007இல் லினக்ஸ் கருவினுள் கே.வி.எம். சேர்க்கப்பட்டு மெய்நிகர் இயந்திரங்கள் மலிந்தபோது, அவற்றை மேலாள உதவிய லிப்வேர்ட் என்னும் மென்பொருள் இருவகை இணைப்புகளையே அறிந்திருந்தது: வெறுமனே பார்வையிடல், அல்லது அனைத்தையும் செய்தல். இரண்டாவதைப் பெற்றவர் தாங்கிக் கணனியின் வட்டையே தம் இயந்திரத்துடன் பொருத்திப் படிக்கலாம். பெயரளவில் மட்டுமே அவர் றூட் அல்லர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தீர்க்கப்பட்ட சிக்கல் இங்ஙனம் மீண்டும் தலைதூக்கியது வியப்புக்குரியது. 2013இல் வெளிவந்த 1.1.0ஆம் பதிப்பிலேயே, இன்ன பயனர் இன்ன இயந்திரத்தில் இன்ன செயலைச் செய்யலாம் என வரையறுக்கும் வழி அதற்கு வாய்த்தது.

1992இல் பெராயிலோவும் கூனும் முன்வைத்த வகிபாக அடிப்படையிலான அனுமதி முறையும் இத்துறையில் வேரூன்றியது. 2012இல் வெளிவந்த புறொக்ஸ்மொக்ஸ் 2.0, பயனர், வகிபாகம், பொருள் என்னும் மூன்றையும் இணைத்து அனுமதி வழங்கிற்று. அதன் சாதாரண மெய்நிகர் இயந்திரப் பயனர் என்னும் வகிபாகத்தை ஒரேயோர் இயந்திரத்துக்கென ஒருவருக்கு அளிக்கலாம். அவர் அதனைத் தொடக்கலாம், நிறுத்தலாம், அதன் முனையத்தைத் திறக்கலாம், காப்புப்பிரதி எடுக்கலாம், இறுவட்டை மாற்றலாம். நினைவகத்தைக் கூட்டவோ புதிய வட்டைச் சேர்க்கவோ இயலாது.

பட்டியல் அடக்கமானதாகவே தோன்றுகின்றது. ஆயினும் இறுவட்டு, முனையம், மீளத்தொடக்கல் என்னும் மூன்றும் ஒருவர் கையில் சேருமாயின், தொடக்க ஒழுங்கு இடமளிக்கும்போது, அவர் வேறொரு முறைமையை இறுவட்டிலிருந்து ஏற்றி, உள்ளிருக்கும் கடவுச்சொல்லை அறியாமலே வட்டிலுள்ளவற்றைப் படித்துவிடலாம். 1972இன் ஜீ வகுப்பினரும் விரும்பிய முறைமையை ஏற்றவே செய்தனர்; ஆனால் அவர்கள் ஏற்றியது தம் சொந்த இயந்திரத்தில். இன்று இவ்வகிபாகத்தைப் பெறுபவர் பல வேளைகளில் இன்னொருவரின் இயந்திரத்தைக் கவனித்துக்கொள்பவராகவே இருக்கின்றார்.