கல்பாக்கமும் கனநீரும்

ஹைட்ரஜனின் இயற்கை ஐசோடோப்புகள் மூன்று. மூன்றின் அணுக்கருவிலும் ஒரே ஒரு புரோட்டான்தான் உள்ளது. வேறுபடுவது நியூட்ரான்களின் எண்ணிக்கை. புரோட்டியத்தில் நியூட்ரான் இல்லை, டியூட்டிரியத்தில் ஒன்று, டிரிட்டியத்தில் இரண்டு. டியூட்டிரியமும் ஆக்சிஜனும் சேர்ந்த நீரே கனநீர்.

அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்டு யூரே 1931 இறுதியில் டியூட்டிரியத்தைக் கண்டறிந்தார். அதன் எடை ஏன் இரு மடங்கு என்பதற்கு, 1932இல் சாட்விக் கண்டறிந்த நியூட்ரான் விடை தந்தது. யூரே 1934இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் ரூதர்போர்டு குழுவினர் டிரிட்டியத்தை உருவாக்கினர்.

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 சுமார் 0.7 விழுக்காடே. இதைக் கொண்டு அணு உலையை இயக்க, நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க வேண்டும்; அவற்றை வீணாக்கவும் கூடாது. சாதாரண நீரிலுள்ள புரோட்டியம் நியூட்ரான்களை விழுங்கிவிடும். டியூட்டிரியத்தில் ஏற்கெனவே ஒரு நியூட்ரான் இருப்பதால், அது மிக அரிதாகவே இன்னொன்றை ஏற்கும். அப்படி ஏற்கும்போது டிரிட்டியமாக மாறும். கனநீர் உலைகளில் டிரிட்டியம் சேர்வது இதனால்தான்.

இயற்கையில் ஏறத்தாழ 6,500 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றே டியூட்டிரியம். எனவே அதைப் பிரித்தெடுப்பது கடினம். இந்தியாவின் முதல் கனநீர் ஆலை 1962இல் பஞ்சாபின் நங்கலில் தொடங்கப்பட்டது. தூத்துக்குடி ஆலை 1978இல் இயங்கத் தொடங்கியது. அருகிலிருந்த உரத் தொழிற்சாலையின் வாயுவிலிருந்து டியூட்டிரியத்தை அம்மோனியாவுக்கு மாற்றிச் செறிவூட்டுவது அதன் முறை. உர ஆலை நின்றால் கனநீர் உற்பத்தியும் நிற்கும்.

1974 பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா அணுசக்தி ஒத்துழைப்பை நிறுத்தியது. சென்னை அணுமின் நிலையம் கல்பாக்கத்தில் இந்தியப் பொறியாளர்களாலேயே கட்டப்பட்டது. முதல் உலையின் கட்டுமானம் 1981இல் முடிந்தும், போதிய கனநீர் இல்லாததால் தொடக்கம் தள்ளிப்போனது. உலையும் எரிபொருளும் இருந்தும், ஒரு நியூட்ரான் கூடுதலாகக் கொண்ட ஹைட்ரஜன் போதாமல் மின்சாரம் காத்திருந்தது. கனநீர் கிடைத்த பின் 1983இல் தொடர்வினை தொடங்கியது. 1984 ஜனவரியில் உலை முழுத் திறனை எட்டியது.

பின்னர் மணுகூரு உள்ளிட்ட ஆலைகளால் உற்பத்தி பெருகியது. கனநீருக்காகக் காத்திருந்த இந்தியா, பிற்காலத்தில் தென்கொரியா, அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு அதை ஏற்றுமதி செய்தது.