ஆர்க்கெஸ்ட்ரா

நம் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது திருவிழா மேடையின் மெல்லிசைக் குழு. கிரேக்கத்தில் பிறந்தபோது இச்சொல்லுக்கும் வாத்தியங்களுக்கும் உறவில்லை. நடனமாடுதல் என்னும் வினையடியிலிருந்து வந்தது இது. நாடக அரங்கில் பாடற்குழு ஆடிய வட்டத் தளமே ஆர்க்கெஸ்ட்ரா. பிற்காலத்தில் ஐரோப்பிய ஆபராக்களில் மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் அமர்ந்த இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு இடத்தின் பெயர் அங்கே இருந்தவர்களுக்கே ஆகிவிட்டது.

இதிலிருந்து கிளைத்ததுதான் ஆர்க்கெஸ்ட்ரேஷன்: எந்த இசைவரியை எந்த வாத்தியம், எந்தச் சுருதியில், யாருடன் சேர்ந்து வாசிப்பது என்று தீர்மானிக்கும் கலை. முசோர்க்ஸ்கி 1874இல் பியானோவுக்கு மட்டும் எழுதிய 'கண்காட்சியில் சித்திரங்கள்' என்ற படைப்பை ராவெல் 1922இல் முழு இசைக்குழுவுக்கு விரித்தார். அதில் பழைய கோட்டையைக் காட்டும் மெட்டை ஆல்டோ சாக்ஸபோனிடம் கொடுத்தார். மெட்டு அதேதான்; ஏக்கம் புதிது. இக்கலையைக் கற்பவர்கள் இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். எந்தப் பாடநூலையும்விட அது அதிகம் சொல்லித்தரும் என்பேன்.

தமிழில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் 'பல்லியம்' என்ற அழகான சொல் உண்டு. இயம் என்றால் இசைக்கருவி. 'இயம்பு' என்பதும் அந்த வேரைச் சேர்ந்ததே. நெடும்பல்லியத்தனார் என்றே ஒரு சங்கப் புலவருக்குப் பெயர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும், அதன்பின் முழவும் நிற்கின்றன. எந்தக் கருவி எதைப் பின்தொடர வேண்டும் என்ற இந்தக் கணக்கைத்தான் ஆர்க்கெஸ்ட்ரேஷன் மாணவர் இன்று தாளில் எழுதிப் பழகுகிறார்.