தட்டில் இல்லாத துளை

அமெரிக்காவில் 'டிரக்' என்று சொன்னால் நமது நெடுஞ்சாலை லாரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த தொட்டி. குடியானவனும் தச்சனும் தினப்படி ஓட்டும் பிக்கப் வண்டிக்கும் அங்கே அதுதான் பெயர். அதன் அடிவயிற்றில், தானியங்கி கியர்பெட்டியின் கீழ், இரும்புத் தகட்டை அழுத்தி வார்த்த எண்ணெய்த் தட்டு ஒன்று உண்டு. எண்ணெயை வடிக்க ஒரு துளையும், அதை அடைக்க ஒரு திருகும் (பட்டறை மொழியில் டிரெயின் பிளக்) அதில் இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். எஞ்சினின் தட்டில் இருக்கிறது. கியர்பெட்டியின் தட்டிலோ, 1960களுக்குப் பின் வந்த பெரும்பாலான வண்டிகளில் இல்லை. ஆலை விட்டுவிட்ட அந்தத் துளையை வண்டிக்காரர்கள் தாமே போட்டுக்கொண்டார்கள்.

ஆதியில் அது இருந்தது என்பதுதான் விசித்திரம். பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கி கியர்பெட்டியான ஹைட்ராமேட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்காக அறிவித்தது. இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளில் ஓடியது. 1954இல் செவ்ரோலே டிரக்குகளுக்கும் வந்தது. அதன் எண்ணெயை மாற்றத் தட்டில் ஒரு திருகு, எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் திரவ இணைப்பியில் இன்னொரு திருகு. இரண்டையும் கழற்றினால் பழைய எண்ணெயில் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

1964இல் வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400, 1969இன் 350 ஆகியவற்றில் தட்டு வழவழப்பாகிவிட்டது. ஃபோர்டின் சி4 ரகம் சிலவற்றில், எண்ணெய் ஊற்றும் குழாயே தட்டில் பொருத்தப்பட்டிருந்ததால் அதைக் கழற்றி வடிக்கலாம். அதையும் ஒரு கருணையாகவே கொள்ள வேண்டும். ஆலைகளுக்குச் சாதகமாக ஒரு வாதம் உண்டு. வடிகட்டி தட்டுக்குள்ளே இருக்கிறது, அதை மாற்றத் தட்டைக் கழற்றியே ஆகவேண்டும், பிறகு திருகு எதற்கு? பொய்யான வாதமல்ல. ஆனால் கழற்றப்போகும் தட்டு காலியாக இருக்கிறதா, நிரம்பித் தளும்புகிறதா என்பது வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவனுக்கு முக்கியம். வண்டியின் கீழே ஒருநாளும் படுக்காதவர்கள் செய்த சிக்கனம் அது என்பது என் கணிப்பு.

350, 400 இரண்டிலும் தட்டைப் பிடித்திருப்பவை பதின்மூன்று போல்ட்டுகள். எண்ணெய் நன்றாக வடிய வண்டியைச் சிறிது ஓட்டிச் சூடாக்க வேண்டும். பின் ஒரு பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றி, மறுபக்கத்தவற்றைத் தளர்த்தி, கேஸ்கெட்டை நெம்பினால், எந்த விளிம்பில் வழியும் என்று யாரும் சொல்ல முடியாத சூடான செந்நிற எண்ணெய் இறங்கும். முழங்கையில், முகத்தில், பிறகு மண்ணில். 1970களின் தொடக்கம்வரை அந்த எண்ணெயில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பும் கலந்திருந்தது. கிளட்ச் தகடுகள் உதறாமல் பற்ற அது உதவியது. 1851இல் மெல்வில் எழுதிய 'மோபி டிக்'கின் வெள்ளைத் திமிங்கிலமும் அதே இனம். அமெரிக்க அரசு 1970இல் அவ்வினத்தை அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தபின், வேதியியலாளர்கள் மாற்றுச் சேர்மங்களைத் தேட நேர்ந்தது.

துளை போடுவதில் இரண்டு வழிகள். கடையில் கிடைக்கும் உறுப்புகளை வாங்கி, தட்டில் துளையிட்டு, உள்ளும் புறமும் வாஷர் வைத்து நட்டால் இறுக்குவது ஒன்று. பந்தயக் கார்களுக்கு ஹைட்ராமேட்டிக்கைச் செப்பனிட்டுப் பெயர் பெற்ற பி அண்ட் எம் நிறுவனமும் இவ்வகை உறுப்புகளை விற்றது. எளிது, ஆனால் உள்ளே உயர்ந்து நிற்கும் நட்டின் விளிம்புவரை எண்ணெய் தேங்கும், இடம் பார்க்காமல் துளைத்தால் வடிகட்டியில் இடிக்கும். மரையிட்ட வளையத்தைப் பற்றவைப்பது மற்றது. இது உறுதி, ஆனால் மெல்லிய தகடு சூட்டில் நெளியும், விளிம்பைத் தட்டிச் சமன்படுத்தாவிட்டால் கேஸ்கெட் கசியும். எதுவாயினும் தட்டின் மிகத் தாழ்ந்த இடமாக, கல்லடி படாத பின்புறமாக இருத்தல் நலம். பற்றவைக்குமுன் தட்டை எண்ணெய்ப்பிசுக்கறக் கழுவ வேண்டும். 1953 ஆகஸ்டில் மிச்சிகனின் லிவோனியாவில் ஹைட்ராமேட்டிக் ஆலையே எரிந்தழிந்தது. தகடு வெட்டும் டார்ச்சின் பொறி, எண்ணெய் தேங்கிய ஒரு தட்டில் விழுந்ததுதான் காரணம்.

இத்தனை செய்தும் வடிவது மொத்த எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. மிச்சத்தில் பெரும்பகுதி, பழைய திரவ இணைப்பியின் இடத்துக்கு வந்த டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அதில் இருந்த திருகை ஃபோர்டு பல பத்தாண்டுகள் விடாமல் வைத்திருந்தது. கிரைஸ்லர் 1970களின் பிற்பகுதியில் எடுத்துவிட்டது. ஆகவே சொந்தமாகத் துளை போட்டவர்கள் வேறொரு பழக்கத்துக்கு வந்தார்கள்: திருகைக் கழற்றி வடிப்பது, வடிந்த அளவு புதிதாக ஊற்றுவது, சில நூறு மைல் ஓட்டி மறுபடி வடிப்பது. மூன்று முறை செய்தால் பழையதில் பத்தில் மூன்று பங்கே மிஞ்சும். பதின்மூன்று போல்ட்டுகளை மூன்று முறை கழற்றி இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

2001 மாடல் செவ்ரோலே சில்வராடோவின் கனரக வகையில் ஜெனரல் மோட்டார்ஸ் அல்லிசன் 1000 கியர்பெட்டியைப் பொருத்தியது. அதன் தட்டில் திருகு இருந்தது. வடிகட்டியும் தட்டைக் கழற்றாமலே மாற்றும்படி வெளியே, கையெட்டும் இடத்தில் இருந்தது.